லினக்ஸ் போட்டதும் லேப்டாப்பில் வைஃபை காணோமா? கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க!

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு, காசு கொடுக்காமல் கிடைக்கும் லினக்ஸ் நல்ல மாற்று. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் பாஸ் லினக்ஸைப் பார்த்தவர்களுக்கு இது புதிதும் அல்ல.

ஆனால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் போட்டு முடித்ததும் சிலருக்கு வைஃபையே வராது. ‘கார்டு போச்சு’ என்று பதற வேண்டாம். நேற்று வரை விண்டோஸில் வேலை செய்த கார்டு என்றால், சிக்கல் அநேகமாக மென்பொருளில்தான்.

ஏன் இப்படி ஆகிறது?

வைஃபை கார்டு இயங்க இரண்டு விஷயம் தேவை. ஒன்று, கார்டையும் லினக்ஸையும் பேச வைக்கும் டிரைவர். இன்னொன்று, கார்டுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்ற சின்ன மென்பொருள். ஃபர்ம்வேரின் மூல நிரலை கார்டு நிறுவனங்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. அதனால் கட்டற்ற மென்பொருள் கொள்கை உள்ள சில லினக்ஸ்கள் அதைச் சேர்க்காமல் விட்டன. டெபியன், 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில்தான் இன்ஸ்டாலரிலேயே அதைச் சேர்த்தது. இன்டெல் கார்டுகள் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். பழைய பிராட்காம் கார்டுகள்தான் அதிகம் படுத்தும்.

என்ன செய்யணும்?

1. முதலில் ஏரோபிளேன் மோட் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்க. சில பழைய லேப்டாப்களின் ஓரத்தில் வைஃபைக்கு தனி சுவிட்ச் இருக்கும். அது ஆஃபில் இருந்தால் எந்த டிரைவர் போட்டும் பயனில்லை.

2. கார்டு எந்த நிறுவனம் என்று கண்டுபிடிங்க. டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற 5 ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்க. வரும் பட்டியலில் ‘நெட்வொர்க் கண்ட்ரோலர்’ என்ற வரியில் பெயர் இருக்கும்.

3. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும்! இந்தச் சிக்கலுக்கு உங்க ஆண்ட்ராய்டு ஃபோனே தீர்வு. யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஃபோனில் ‘யூஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்தால் லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும். ஃபோன் வீட்டு வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவும் செலவாகாது.

4. உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’, மின்ட்டில் ‘டிரைவர் மேனேஜர்’ திறங்க. கார்டுக்கான டிரைவர் தெரிந்தால் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்க. எதுவும் காட்டவில்லையா? எல்லா அப்டேட்களையும் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்க. புதிய ஃபர்ம்வேர் அதோடு வரலாம்.

நீலத் திரை வந்தால்?

செக்யூர் பூட் ஆனில் இருந்தால், டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு உருவாக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை வரும். பலர் இதை எரர் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள், டிரைவர் இயங்காது. அதில் ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால், யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். அது லினக்ஸில் இயங்குமா என்று கேட்டுவிட்டே வாங்குங்க.

இனிமேல்தான் லினக்ஸ் போடப் போகிறீர்களா? பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலேயே ‘டிரை’ முறையில் ஓட்டிப் பாருங்க. அங்கேயே வைஃபை வந்துவிட்டால், நம்பி இன்ஸ்டால் செய்யலாம்.