பிக்காச்சுவின் மறுப்பும் அறுபது சீட்டுகளும்

சின்னப் பசங்க சீட்டாட்டத்தைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். பண்டத்தின் மாயத்தன்மை பற்றி மார்க்ஸை மேற்கோள் காட்டியே பல வருஷம் ஓட்டிவிட்டோம். கைக்காசைப் போட்டு ஒரு பண்டத்தை வாங்கின பத்து வயசுப் பையன், வாங்கினதற்குப் பிறகு அதை வைத்து என்னதான் பண்றான் என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பார்த்தால் 'நுகர்வோர்' என்ற நம் கருத்தாக்கம் கொஞ்சம் ஆட்டம் காணத்தான் செய்யும்.

நான் எடுத்துக்கொள்வது போக்கிமான் சீட்டுகள். இந்த வகை ஆட்டத்துக்குத் தொடக்கம் 1993இல் அமெரிக்காவில் வந்த 'மேஜிக்'. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்கிற கணிதக்காரர் அமைத்தது. நாம் அறிந்த சீட்டுக்கட்டில் 52 சீட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். இதிலோ ஆடுகிறவனே தன் கட்டைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். சீட்டுகள் மூடிய பாக்கெட்டில் விற்பனையாகும்; உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்தால்தான் தெரியும். அரிய சீட்டைக் குறைவாக அச்சடித்தால் போதும், ஆட்டம் தானே சமநிலை கொள்ளும் என்று முதலில் நினைத்தார்கள். காசுள்ளவன் கை அந்த நம்பிக்கையைச் சீக்கிரமே உடைத்தது. ஒரே சீட்டு நான்குக்கு மேல் கூடாது என்ற விதி பிறகு வந்தது. போக்கிமானிலும் அதே நான்குதான் (அடிப்படை ஆற்றல் சீட்டுகளுக்கு மட்டும் விலக்கு). கட்டுக்கு 60 சீட்டு.

இனி காலவரிசையைக் கவனிக்க வேண்டும். விஷயமே அதில்தான் இருக்கிறது. ஜப்பானில் நின்டெண்டோவின் போக்கிமான் ஆட்டம் வெளிவந்தது 1996 பிப்ரவரி. அதில் அட்சுகோ நிஷிடா வரைந்த மஞ்சள் நிறப் பிக்காச்சு நூற்றைம்பது சொச்சம் உருக்களில் ஒன்று, அவ்வளவுதான். 1996 அக்டோபரில் சீட்டுகள் வந்தன. 1997 ஏப்ரலில்தான் தொலைக்காட்சித் தொடர். பிக்காச்சு நாயகனானது அங்கேதான். அதாவது பிக்காச்சுவின் 'பலம்' முதலில் அச்சாயிற்று, அதன் மீதான பிரியம் பிறகு உற்பத்தியாயிற்று. அமெரிக்காவில் வரிசை தலைகீழ். 1998 செப்டம்பரில் தொடர், 1999 ஜனவரியில் சீட்டு. அங்கத்துக் குழந்தை முதலில் பிரியம் வைத்தது, அப்புறம் கடைக்குப் போய்ப் பழைய எண்களை வாங்கியது.

அந்த எண்கள் என்ன? முதல் தொகுப்பின் பிக்காச்சுவுக்கு 40 உயிர்ப்புள்ளி. ஒரு ஆற்றல் சீட்டு வைத்துக் கடித்தால் 10 சேதம். இரண்டு வைத்து மின்னடி கொடுத்தால் 30. ஆனால் காசைச் சுண்டி, பூ விழுந்தால் தனக்கே 10 சேதம். சீட்டின் ஓரத்தில் வட்டக் குறி: 'சாதாரணம்'. நட்சத்திரம் போட்டவைதான் அரியவை. எதிரே ஹிட்மோன்சான் என்கிற குத்துச்சண்டைக்காரன், 70 உயிர்ப்புள்ளி, நட்சத்திரக் குறி. ஒரே ஆற்றலில் அவன் விடும் குத்துக்கு 20 சேதம். சண்டை வகைக்கு எதிரே பிக்காச்சு பலவீனம் என்பதால் அது இரட்டிப்பாகி 40. முதல் குத்திலேயே கதை முடிந்தது. உலகத்துப் பிள்ளைகள் நெஞ்சில் வைத்துக் கொண்டாடினதை ஒரு குத்தில் போட்டுத் தள்ளும்படி கணக்கு எழுதப்பட்டிருந்தது.

ஜெயிக்க வந்தவர்கள் பிக்காச்சுவைச் சீண்டவில்லை. ஹிட்மோன்சான், எலக்டபஸ் மாதிரி வளர்க்கத் தேவையில்லாத முரட்டு அடிப்படைச் சீட்டுகளால் 'ஹேமேக்கர்' என்ற கட்டைக் கட்டினார்கள். பிக்காச்சு பக்தனுக்கு மிஞ்சினது இரண்டு வழி. ஒன்று, எலக்டபஸ்ஸைக் கூடவே சேர்ப்பது: பேர் பிக்காச்சுவுக்கு, வேலை எலக்டபஸ்ஸுக்கு. (நம் இயக்கங்களில் இது தெரியாத ஏற்பாடு இல்லை.) மற்றது, பிக்காச்சு மேல் ராய்ச்சு சீட்டைப் போட்டு வளர்த்தெடுப்பது. ராய்ச்சுவுக்கு 80 உயிர்ப்புள்ளி, 60 சேதம்.

இங்கேதான் சிக்கல். 1997 ஜூலையில் ஒளிபரப்பான ஒரு பகுதியில் பிக்காச்சு ஒரு ராய்ச்சுவிடம் செமத்தியாக அடி வாங்குகிறது. இடிக்கல்லைத் தொட்டால் நீயும் ராய்ச்சு ஆகலாம் என்கிறார்கள். அது கல்லை வாலால் தட்டிவிடுகிறது. பிக்காச்சுவாகவே திரும்பிப் போய் ஜெயிக்கிறது. 1998இல் வந்த மஞ்சள் பதிப்பிலும் அந்தப் பிக்காச்சு கல்லை மறுக்கும். பையன் பிரியம் வைத்தது இந்த மறுப்பின் மேல். சீட்டாட்டமோ, ஜெயிக்கணும்னா ராய்ச்சு ஆக்கு என்கிறது.

ஆக்காமலே கட்டலாம். குத்து விழும் முன்பு 'டிஃபெண்டர்' சீட்டை வைத்தால் சேதத்தில் 20 குறையும், பிக்காச்சு ஒரு சுற்று தாங்கும். 'பிளஸ்பவர்' போட்டால் 30 சேதம் 40 ஆகும். வேண்டிய சீட்டு வேண்டிய நேரத்தில் கைக்கு வர, கைச்சீட்டு முழுவதையும் எறிந்து ஏழு புதிதாக எடுக்கத் தரும் பேராசிரியர் ஓக். இந்தக் கணக்கெல்லாம் ஒரு உழைப்பு. தனக்குச் சேராத எண்களுக்கு எதிராகத் தன் பிரியத்துக்குச் செய்யும் உழைப்பு. பெரும்பாலும் தோற்பதற்கான உழைப்பும்கூட.

உடனே இதை 'எதிர்ப்பு', 'கலகம்' என்று கொண்டாடிவிடக் கூடாது. மறுக்கும் பிக்காச்சுவைச் செய்து கொடுத்ததும் அதே கம்பெனிக்காரர்கள்தான். 1999இல் வந்த ஆட்டத்தில் காரின் என்ற பாத்திரம், பலம், பலவீனம் என்பதெல்லாம் மனிதரின் சுயநலப் பார்வை, பிடித்ததை வைத்து ஜெயிக்கப் பார் என்று உபதேசிக்கும். அதே வருஷம் கடையில் நட்சத்திரக் குறிக்காகப் பாக்கெட் பாக்கெட்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். 'மேஜிக்' வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் 2002இல் ஆடுகிறவர்களை டிம்மி, ஜானி, ஸ்பைக் என்று மூன்றாக வகுத்து எழுதினார். பிரமாண்டத்தை விரும்புகிறவன், தன்னை வெளிப்படுத்த ஆடுகிறவன், ஜெயிக்க ஆடுகிறவன். தோற்றாலும் தன் கட்டோடு வருகிறவனுக்கும் வடிவமைப்பு மேஜையில் ஒரு பெயர் தயாராகிவிட்டது.

பாக்கெட் விற்பனை சூதாட்டம்தானே என்று 1999இல் சான் டியேகோவில் வழக்குப் போட்டார்கள் சில பெற்றோர்கள். இப்படிப்பட்ட சீட்டு வழக்குகளில் 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: தேடின சீட்டு கிடைக்காத ஏமாற்றம் சொத்து இழப்பு ஆகாது. சொத்தாகத் தோன்றாத எதற்கும் சட்டத்தின் கண் தெரிவதில்லை.

பிற்பாடு கம்பெனி அந்தப் பழைய முரணைத் தானே தீர்த்துவைத்தது. 2018 டிசம்பரில் ஜப்பானில் பிக்காச்சுவை ஸெக்ரோம் என்ற பெரும் டிராகனோடு சேர்த்து ஒரே சீட்டு, 240 உயிர்ப்புள்ளி. போட்டிகளில் நன்றாகவே ஜெயித்தது. 2024இல் தனிப் 'பிக்காச்சு ஈஎக்ஸ்': 200 உயிர்ப்புள்ளி, 300 சேதம். கூடவே ஒரு குணம்: முழு உயிரோடு இருக்கையில் கொல்லும் அடி விழுந்தால் சாகாது, 10 புள்ளியோடு நிற்கும். அன்றைக்கு டிஃபெண்டரை வைத்துக்கொண்டு பையன் கணக்குப் போட்டுச் செய்த காரியம் இப்போது சீட்டிலேயே அச்சாகி வருகிறது. பிடிவாதத்தையும் பாக்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம். இனி பிரியத்துக்காக உழைக்க வேண்டியதில்லை, காசு கொடுத்தால் போதும். இது குழந்தைகளின் வெற்றி என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை.

இன்னொரு பிக்காச்சு சீட்டும் உண்டு. 1997-98இல் ஒரு ஜப்பானிய சிறுவர் பத்திரிகையின் ஓவியப் போட்டியில் ஜெயித்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது, சில பத்துப் பிரதிகள் மட்டும். அதில் ஒன்று 2021இல் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்பில் கைமாறியது. அதை யாரும் கட்டில் வைத்து ஆடப்போவதில்லை, பிளாஸ்டிக் பெட்டியில் மூடி முத்திரையிட்டிருக்கிறார்கள். பெஞ்சில் போட்டு, குலுக்கி, ஓரம் வெளுத்த சீட்டுகளும் அதே சந்தைக்கு வருகின்றன, விலை குறைவாக. தரம் தாழ்ந்தது என்று காட்ட அங்கே அவற்றின் மேல் எழுதும் சொல்: 'விளையாடப்பட்டது'.