கழிமுகத்துச் செல்லாக்காசு: சென்னைத் தொட்டிகளில் ஜோடி சேர்ந்த வரலாறு

சிக்லிட் என்பது முட்டையையும் குஞ்சையும் பெற்ற மீன்களே காத்து வளர்க்கும் இயல்பால் பெயர்பெற்ற ஒரு மீன் குடும்பம். 1,600க்கும் மேற்பட்ட அதன் இனங்களில் மிகப் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுக்கும் தென், நடு அமெரிக்காவுக்கும் உரியவையாக இருக்க, இந்திய நீர்நிலைகளுக்கு உரியவை மூன்றே. அம்மூன்றில் கரிமீனும், விரல் நீளத்துக்கு மேல் வளராத மஞ்சள்நிறச் செல்லாக்காசும் ஆறு கடலோடு கலக்கும் உவர்நீரில் செழித்து வாழ்பவை என்பதால், அடையாறு, கூவம் என இரு கழிமுகங்களைக் கொண்ட சென்னை அவற்றின் தாயகங்களுள் ஒன்று. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீட்டுத் தொட்டி வைப்போர் சிக்லிட் என்றதும் அமேசான் ஆற்றின் ஏஞ்சல் மீனையும் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட ஃப்ளவர்ஹார்னையும் நினைக்கின்றனர். ஆனால் ஆண் பெண் பிரித்தறிவதிலும் ஜோடி சேர்ப்பதிலும் அவர்களுக்கு எழும் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய மீன் அடையாற்றின் வாயிலேயே வாழ்ந்துவந்தது.

அறிவியல் அதை முதலில் உயிரற்ற உடலாகவே அறிந்தது. பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலீசர் பிளாக் கரிமீனை 1790இலும் செல்லாக்காசை 1795இலும் விவரித்துப் பெயரிட்டார். அவருக்கு மீன்களை அனுப்பி உதவியவர்களுள் தரங்கம்பாடியில் மறைப்பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜானும் ஒருவர். சென்னை மாகாணப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில், கன்னடக் கடற்கரைப் பகுதிக்குரிய மூன்றாம் இனத்தையும் சேர்த்தார். குப்பியில் ஊறிய உடலைக் கொண்டு துடுப்பு முட்களை எண்ணிவிடலாம். இரு மீன்கள் ஒன்றையொன்று எவ்வாறு தேர்ந்துகொள்கின்றன என்பதை அறிய உயிருள்ள மீனும் கண்ணாடித் தொட்டியும் வேண்டியிருந்தன.

மெரினாவில் 1909இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகம், இந்நாட்டின் முதல் காட்சியகம் என்ற பெருமையுடன், கண்ணாடிக்குப் பின்னே நீந்தும் மீனை நகர மக்களுக்குக் காட்டியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. அதற்குள் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர். கோபால ஐயரும் என். கேசவ பணிக்கரும் நகரின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றி 1937இலும், அவற்றின் இனப்பெருக்கம் பற்றி 1939இலும் ஆய்வுரைகளை வெளியிட்டிருந்தனர். நகரத்தின் நடுவே ஓடும் உப்பங்கழியை ஆராயத்தக்க பொருளாகக் கண்ட அந்தப் பார்வை இன்றும் போற்றத்தக்கது.

செல்லாக்காசிலும் ஏஞ்சலிலும் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றே; உடற்பருமன், நெற்றி வளைவு, நிற அழுத்தம் எனச் சொல்லப்படும் அடையாளங்கள் யாவும் வயதாலும் தீனியாலும் மாறக்கூடியவை என்பதால் நம்பத்தக்கவையல்ல. ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுவது இனப்புழைக் காம்பு, அதாவது முட்டையிடும் நாள் நெருங்கும்போது வயிற்றின் அடியில், குதத்தை ஒட்டி வெளிநீளும் சிறு குழல்; முட்டை வெளிவர வேண்டியிருப்பதால் பெண்ணில் அது தடித்து மழுங்கியும், ஆணில் மெலிந்து கூர்ந்தும் காணப்படும். அதற்கு முன்பே இரண்டு மீன்களை வாங்கி ஜோடி என்று நம்பித் தொட்டியில் விடுவோர் ஏமாற நேர்வதற்குக் காரணம், இரண்டு பெண் ஏஞ்சல்களும் துணைபோல் நடந்து, ஒரே இலையில் முட்டையிட்டுக் காவலும் இருக்கும் என்பதே. கருவுறாத அம்முட்டைகள் ஓரிரு நாளில் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். எனவே அனுபவமுள்ள வளர்ப்போர் ஆறு அல்லது எட்டுக் குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்து, அவற்றில் எந்த இரண்டு தொட்டியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டுகின்றனவோ, அவற்றையே தனியே பிரிக்கின்றனர். மனிதர் சேர்த்துவைக்கும் ஜோடியைவிட மீன்கள் தாமே சேரும் ஜோடியே நிலைக்கிறது.

துணை தேர்வதில் மோதலும் நாட்டமும் எப்படிக் கலந்துள்ளன என்பதை ஆராய அமெரிக்க உயிரியலாளர் ஜார்ஜ் பார்லோ தேர்ந்துகொண்ட மீன் இந்தச் செல்லாக்காசே. அவரும் ஜாக் வார்டும் 1967இல் வெளியிட்ட ஆய்வு, குஞ்சுகள் பெற்ற மீன்களின் உடலை உரசிச் செல்லும் வழக்கத்தை நுணுகி விவரித்தது. அவ்வாறு உரசுகையில் அவை தாய், தந்தை இருவரின் தோலிலும் சுரக்கும் கோழையைத் தின்கின்றன. காவல் காலத்தில் இருவருக்கும் வயிற்றுத் துடுப்பு கறுத்துவிடுவதால், அப்போதும் நிறம் பாலைக் காட்டிக்கொடுப்பதில்லை.

இதற்கு நேர்மாறான சிக்லிட் ஒன்று 1952இல் தமிழகத்துக்கு வந்தது. உணவுக்காக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலாப்பியாவை, அதாவது ஜிலேபிக் கெண்டையை, அடையாற்று உயிரினங்களை முன்பு ஆராய்ந்த அதே பணிக்கர், தம்பி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1954இல் விவரித்தார். அதில் பால் அறிவது மிக எளிது: பருவத்தில் ஆண் கறுத்துத் தொண்டை வெளுத்துக் குழி தோண்டும், பெண் முட்டைகளை வாயில் ஏந்தி அகன்றுவிடும். ஆண் பல பெண்களோடு கூடுவதால் அங்கே ஜோடி என்பதே இல்லை. ஒரு துணை, ஒரு முட்டைத் திரள், இரு காவலர் என்று வாழும் செல்லாக்காசுக்கும் கரிமீனுக்கும், விரைந்து பெருகும் இந்த விருந்தாளி இடத்திலும் இரையிலும் கடும் போட்டியானது. சாக்கடை கலந்த கழிமுகம் அந்த நெருக்கடியை இன்னும் ஆழமாக்கியது.

1987இல் தொடங்கப்பட்டு இன்று சாந்தோம் நெடுஞ்சாலையில் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், முட்டுக்காட்டு ஆய்வு நிலையத்தில் கரிமீன் குஞ்சு உற்பத்தியை வளர்த்தெடுத்ததோடு, செல்லாக்காசையும் அலங்கார மீனாக முன்வைத்துள்ளது. கரிமீன் ஒரு தடவைக்குச் சில நூறு முதல் ஆயிரம் அளவிலேயே முட்டையிடுவதாலும், குஞ்சு தம்மோடு இருக்கும்வரை பெற்ற மீன்கள் மறுமுறை முட்டையிட முனையாததாலும், பொரித்த குஞ்சுகளை உரிய வேளையில் பிரித்துத் தனியே வளர்ப்பதே அங்கு கையாளப்படும் வழி. கடலோர அடையாறு, பெசன்ட் நகர் வீடுகளில் உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் டிஸ்கஸ் போன்ற மென்னீர் மீன்களின் முட்டையைக் கெடுத்துவிடுகிறது. செல்லாக்காசு ஜோடிக்கு அதே நீர் தீங்கு செய்வதில்லை.