அம்பாசடருக்கு வந்த பம்ப்

அப்பாவுக்குத் தோள்பட்டை வலி. அம்பாசடர் ஸ்டீயரிங்கை வளைக்க முடியலை, வித்துடலாம்னார். நான் விடலை. பழைய பவர் ஸ்டீயரிங் பெட்டியும் பம்பும் வாங்கி, பம்புக்கு ஆயில் சீலும் பேரிங்கும் மாற்றி, புத்தூர் பட்டறையில் மாட்டினோம். பம்ப் புல்லி கொஞ்சம் கோணினாலும் பெல்ட் கத்தும். பிராக்கெட்டை மூணு தடவை கழற்றினோம்.

இந்த ஹைட்ராலிக் ஏற்பாட்டை பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே பியர்ஸ்-ஆரோ காரில் ஓட்டிக் காட்டிவிட்டார். கூடச் சேர்ந்த ஜெனரல் மோட்டார்ஸ், செலவு கட்டாதென்று 1934-ல் கைவிட்டது. 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியலில் அது விற்பனைக்கு வந்தபோது, அவருடைய காப்புரிமைகள் சில காலாவதியே ஆகியிருந்தன. படிக்கிற எஞ்சினியருக்கு வயிறு எரியாதா? அதற்கும் பின்னால் பிறந்த அம்பாசடரோ கைபலத்தையே நம்பி வந்தது.

அப்பா ஒரு ரவுண்டு போய்வந்தார். "ரொம்ப லேசா இருக்குடா, ரோடே கைக்குத் தெரியலை" என்று குறை. சாவியை மட்டும் திருப்பித் தரவில்லை.