மொஹீனின் குதிரைகள்: ஒரு நகரம் தாமதமாகக் கேட்ட பாட்டு

2006-இல் வந்த ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தில் ‘பீகி பீகி’ என்றொரு பாட்டு. ப்ரீதம் இசையில் பங்களாதேஷ் ராக் பாடகர் ஜேம்ஸ் தொண்டை கரகரக்கப் பாடியிருப்பார். எஃப்.எம். ரேடியோக்களில் அந்தப் பாட்டு ஓயாமல் ஓடியது. கொல்கத்தாவில் மட்டும் அது புதுப் பாட்டாகத் தெரியவில்லை. அந்த மெட்டு அங்கே பத்து வருடத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருந்தது. கையில் ஒரு கிடாரும் பக்கத்தில் நாலு நண்பர்களும் இருந்த ஒவ்வொரு கல்லூரிப் பையனும் பாடிய மெட்டு. மூல வங்காளப் பாட்டில் காதலியின் பிரிவெல்லாம் கிடையாது. சாட்டிலைட்டும் கேபிளும் வந்தபின் உலகம் சுருங்கிச் சுருங்கி, வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் அடைபட்டுப் போனது என்கிற ஆதங்கம்தான் அதில் இருந்தது.

அந்தப் பாட்டின் வேரைத் தேடிப் போகிறவர்கள் தெற்குக் கொல்கத்தாவின் நாக்தலாவுக்கு வந்து சேர்வார்கள். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் குடிசை போட்டு, காலனி கட்டி எழுப்பிய பகுதிகளை ஒட்டிய இடம் அது. அங்கே ஒரு வீட்டில் 1975 வாக்கில் ஏழு பேர் கூடிப் பாட ஆரம்பித்தார்கள். கௌதம் சட்டோபாத்யாய், அவருடைய தம்பிகள் பிரதீப், பிஸ்வநாத், உறவினர் ரஞ்சன் கோஷால், நண்பர்கள் தாபஸ் தாஸ், தபேஷ் பந்த்யோபாத்யாய், ஆப்ரஹாம் மஜும்தார். அவர்களைத்தான் இன்று ‘மொஹீனேர் கோராகுலி’ என்று வங்காளம் கொண்டாடுகிறது. மொஹீனின் குதிரைகள் என்று அர்த்தம்.

குழுவுக்கு எடுத்த எடுப்பிலேயே இந்தப் பெயர் கிடைத்துவிடவில்லை. ‘சப்தரிஷி’ என்று வைத்துப் பார்த்தார்கள், ‘தீரந்தாஜ்’ என்று வைத்துப் பார்த்தார்கள். ‘கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்சி. குழுவினர்’ என்றுகூட ஒரு பெயர் இருந்தது. கடைசியில் ரஞ்சன் கோஷால் ஜீவனானந்த தாஸின் கவிதைக்குப் போனார். 1948-இல் வந்த அவருடைய தொகுப்பில் ‘குதிரை’ என்றொரு கவிதை உண்டு. கார்த்திகை மாத நிலா வெளிச்சத்தில் மொஹீன் என்பவனின் குதிரைகள் மேய்கின்றன. கற்காலத்தில் ஆரம்பித்த மேய்ச்சலை இன்னும் முடிக்காதவைபோல. தாகூருக்குப் பிந்திய வங்காளக் கவிதையின் பெரிய பெயர் ஜீவனானந்தர். 1954-இல் கொல்கத்தா டிராமில் அடிபட்டு இறந்தார். உயிரோடிருந்தபோது அவரைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர் கவிதையிலிருந்து பெயர் எடுத்த குழுவுக்கும் அந்தத் தாமதம் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய கொல்கத்தாவின் மூன்று இடங்களுக்குப் போய்வர வேண்டும்.

முதலாவது பார்க் ஸ்ட்ரீட். சுதந்திரத்துக்குப் பிந்தைய இருபது வருடங்களில் இந்தியாவிலேயே இரவில் இவ்வளவு இசை கேட்ட தெரு வேறு இருந்திருக்குமா என்பது சந்தேகம். ட்ரிங்காஸ், மொக்காம்போ, ப்ளூ ஃபாக்ஸ், மூலான் ரூஜ் என்று வரிசையாக ரெஸ்டாரண்டுகள். ஒவ்வொன்றிலும் ஆங்கிலோ இந்தியரும் கோவாக்காரரும் வாசித்த பேண்டுகள். பாம் கிரெய்ன் பாட, டார்ஜிலிங்கிலிருந்து வந்த லூயிஸ் பேங்க்ஸ் பியானோ வாசித்தது இங்கேதான். சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டரின் ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பில் சேலை கட்டிக்கொண்டு பாட ஆரம்பித்த தமிழ்ப் பெண் உஷா, 1969-இல் ட்ரிங்காஸுக்கு வந்தார். உஷா உதுப்பாகி, அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். கௌதமும் ‘தி அர்ஜ்’ என்ற குழுவில் ஆங்கிலோ இந்திய நண்பர்களோடு மூலான் ரூஜில் வாசித்தவர். கிடார் மட்டுமல்ல, சாக்ஸஃபோனும் அவர் கைக்கு வரும். ஆனால் அந்தத் தெருவில் வங்காள மொழிக்கு இடமில்லை. சாப்பிட வருகிறவர்கள் கேட்பது ஆங்கிலப் பாட்டு. எழுபதுகளில் கேளிக்கை வரியும் அரசியல் கொந்தளிப்பும் சேர்ந்து அந்தத் தெருவின் சத்தத்தையே அடக்கின.

இரண்டாவது இடம் காலேஜ் ஸ்ட்ரீட். 1967-இல் நக்ஸல்பாரியில் பற்றிய தீ பிரசிடென்சி கல்லூரி வராந்தாவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. அங்கே படித்த கௌதம் இயக்கத்துக்குள் போனார், பிடிபட்டார், சிறையிலிருந்தார். வெளியே வந்தபின் வங்காளத்தை விட்டு மத்தியப் பிரதேசத்துக்குப் போக வேண்டியதாயிற்று. மெடிக்கல் ரெப்ரசென்டேட்டிவாக வேலை பார்த்துக்கொண்டு பாட்டெழுதினார். அவர் திரும்பி வந்தபோது நாடு நெருக்கடி நிலையில் இருந்தது. கூடப் படித்தவர்களில் சிலர் உயிரோடு இல்லை. ஊரில் மின்வெட்டு தினசரிச் சடங்கு. அவருடைய பாட்டுகளில் கோஷம் இல்லாததற்குக் காரணத்தை இங்கே தேட வேண்டும். இடதுசாரி மக்கள் நாடக அமைப்பான ஐ.பி.டி.ஏ. மேடைகளில் சலில் சௌத்ரி போன்றவர்கள் நாற்பதுகளில் உண்டாக்கிய மக்கள் பாட்டுக்குத் தனிக் கம்பீரம் உண்டு. நமக்கு ‘அழியாத கோலங்கள்’ படத்துக்கு இசை தந்தவரும் அதே சலில்தான். ஆனால் 1975-இல் ‘எழுந்து வா தோழா’ என்று பாடினால் யார் எழுந்து வருவது? கௌதமின் தலைமுறை அதைக் கடந்துவிட்டிருந்தது.

மூன்றாவது இடம் நகரத்துக்கு வெளியே. நமக்குத் தைப்பொங்கல் வரும் அதே நாட்களில் பீர்பூம் மாவட்டத்தில் அஜய் ஆற்றங்கரையில் ஜெயதேவ் கெந்துலி மேளா கூடும். கீதகோவிந்தம் எழுதிய ஜெயதேவர் பிறந்த ஊர் அதுதான் என்பது வங்காளிகளின் நம்பிக்கை. அங்கே ஆலமரத்தடியிலும் கூடாரங்களிலும் விடிய விடியப் பாவுல்கள் பாடுவார்கள். கோயில், மசூதி, சாதி எதற்கும் கட்டுப்படாமல், உடம்புக்குள்ளேயே கடவுளைத் தேடுகிற பாடகர்கள். 1890-இல் மறைந்த லாலன் ஃபகீரின் பாட்டுகள் அவர்களுக்கு வேதம். அவர்கள் கையில் இருக்கும் கமக் என்ற வாத்தியத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சின்ன மரக் குடம் ஒன்று. அடித்தோலில் கட்டிய நரம்பு குடத்துக்குள்ளேயே ஓடி வெளியே வந்து ஒரு பித்தளைக் குமிழில் முடியும். குடத்தைக் கக்கத்தில் இடுக்கி, குமிழை இடது கையில் பிடித்து இழுத்து இழுத்து விட்டபடி வலது கையால் நரம்பை மீட்டுவார்கள். இழுப்புக்கு ஏற்றபடி சத்தம் ஏறும், வழுக்கும், விம்மும். தாளமும் சுருதியும் ஒரே வாத்தியத்தில் கிடைத்துவிடும். பாவுல்கள் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். 1967-இல் வந்த பாப் டிலனின் ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ ஆல்பத்தின் அட்டையில் அவருக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் பூர்ண தாஸ் பாவுலும் லக்ஷ்மண் தாஸும்.

பார்க் ஸ்ட்ரீட்டின் சாக்ஸஃபோன், காலேஜ் ஸ்ட்ரீட்டின் கவிதை, கெந்துலியின் கமக். மூன்றையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்ததுதான் நாக்தலா நண்பர்கள் செய்த காரியம். ஆப்ரஹாம் மஜும்தாரின் வயலின் மேற்கத்திய முறையில் பயின்றது. கௌதம் தங்கள் இசையை ‘பாவுல் ஜாஸ்’ என்று சொன்னார். இந்தியாவின் முதல் ராக் பேண்டுகளில் ஒன்று என்று இன்று எழுதுகிறார்கள். அந்தச் சட்டை அவர்களுக்குப் பொருந்தவில்லை. அந்த ரெக்கார்டுகளைக் கேட்டால் இரைச்சலே இல்லை. ஒரு திண்ணையில் உட்கார்ந்து பாடுகிற நெருக்கம்தான் காதில் விழுகிறது.

1977-இல் முதல் இசைத்தட்டு. கலங்கிப்போன பறவைக் கூட்டமும் கொல்கத்தாவும் பற்றி என்று நீளமான தலைப்பு. 1978-இல் இரண்டாவது, 1979-இல் மூன்றாவது. மூன்றையும் சேர்த்தாலும் பத்துப் பாட்டு தேறாது. முதல் தட்டில் ‘ஹாய் பாலோபாஷி’ என்றொரு பாட்டு. தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒருவன் அடுக்கிக்கொண்டே போகிறான். பிக்காஸோ, புனுவெல், தாந்தே, பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன், ரவிஷங்கர், அலி அக்பர், விடிகாலைப் பனியில் வீடு திரும்புவது. ஆனால் வயலில் வியர்வை சிந்தி உழைக்கிறவர்களைப் பார்க்கும்போது இதில் எதுவுமே பிடிக்கவில்லை என்று பாட்டு திரும்பும். சிறையும் தோல்வியும் பார்த்துவிட்டு வந்த ஒருவரின் குழு பாடியது என்று தெரிந்துகொண்டு கேட்டால் அந்தத் திருப்பம் நெஞ்சைப் பிசையும்.

அன்றைய கொல்கத்தா அசையவில்லை. வங்காளப் பாட்டு என்றால் ரவீந்திர சங்கீதம், நஸ்ருல் கீதி, ‘ஆதுனிக்’ எனப்பட்ட மெல்லிசை, சினிமாப் பாட்டு. கட்டங்கள் போட்டாயிற்று, ஐந்தாவது கட்டத்துக்கு இடமில்லை. பத்துப் பேர் வட்டமாக நின்று பாடினால் அது கோரஸ், ஒருவர் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்தால் கச்சேரி. ஏழு பேர் தாங்களே எழுதி, மெட்டமைத்து, வாசித்து, டிராம் பற்றியும் நகரம் பற்றியும் பாடினால் அதை எந்த அலமாரியில் வைப்பது? ரவீந்திர சதன், மாக்ஸ் முல்லர் பவன் மேடைகள் கிடைத்தன, 1980-இல் கல்கத்தா ஜாஸ் விழாவிலும் வாசித்தார்கள். இசைத்தட்டு விற்கவில்லை. 1981-இல் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். ரஞ்சன் கோஷால் பெங்களூரில் விளம்பரமும் நாடகமுமாக வாழ்ந்தார். பிஸ்வநாத் அமெரிக்கா போனார். கௌதம் சினிமாவுக்குப் போய், ஆற்றில் படகிலேயே வாழும் பாம்பாட்டி நாடோடிகளைப் பற்றி 1983-இல் ‘நாக்மோதி’ எடுத்தார். அது தேசிய விருது வாங்கியது.

இதற்குப் பிறகு நடந்ததைச் சிற்றிதழ் வாசகர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். சில நூறு பிரதி அச்சாகி, நண்பர்கள் கையில் சுற்றி, நின்றுபோன ஓர் இதழைப் பதினைந்து இருபது வருடம் கழித்து ஒரு தலைமுறை தேடிப் பிடித்துப் படிக்குமே, அதேபோல இந்தப் பாட்டுகள் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதியாகிக்கொண்டிருந்தன. கொல்கத்தாவின் ஆன்மா அச்சில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அது சிற்றிதழில்தான் இருக்கிறது. 1953-இல் ‘கிருத்திபாஸ்’ இதழ் வந்தது முதல் அந்த ஊரில் இளம் கவிஞர் ஒருவர் மேலே வர அதுவே வழி. அவற்றுக்கென்றே 1978-இல் காலேஜ் ஸ்ட்ரீட் பக்கத்து டேமர் லேனில் சந்தீப் தத்தா என்பவர் தம் வீட்டில் ஒரு நூலகம் தொடங்கினார். மொஹீனேர் கோராகுலியும் ஒரு சிற்றிதழ்தான், இசைத்தட்டில் வந்த சிற்றிதழ்.

இதற்கு வலுவான சாட்சி 1995. மூன்று வருடம் முன்பு, 1992-இல், சுமன் சட்டோபாத்யாய் (பின்னாளில் கபீர் சுமன்) ஒற்றைக் கிடாரோடு ‘தோமாக்கே சாய்’ கேசட்டைக் கொண்டுவந்து வங்காளப் பாட்டின் கதவை உடைத்திருந்தார். பின்னாலேயே நசிகேதாவும் அஞ்சன் தத்தும் வந்தார்கள். நகரத்தின் காது திறந்திருந்தது. அப்போது கௌதம் பழைய பாட்டுகளைத் தூசி தட்டி வெளியிட்டுப் பெயர் வாங்கியிருக்கலாம். அவர் செய்தது வேறு. புது ஆட்களின் பாட்டுகளையும் தம்முடையதையும் சேர்த்து, இளைஞர்களின் குழுக்களைப் பாடவைத்து, ‘ஆபார் பொச்சோர் குரி போரே’ என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். மீண்டும் இருபது வருடங்களுக்குப் பிறகு என்று பொருள். அதுவும் ஜீவனானந்தரின் வரியை நினைவூட்டும் தலைப்பே. அட்டையில் ‘மொஹீனேர் கோராகுலி தொகுத்தது’ என்று போட்டார்கள். தனக்குக் கிடைக்காமல் போன மேடையைப் பின்னால் வந்தவர்களுக்குப் போட்டுக் கொடுத்த பத்திரிகை ஆசிரியர் வேலை அது. அவருடைய பெரிய சாதனை எது என்று கேட்டால் எழுபதுகளின் மூன்று தட்டுகளைவிட இதைத்தான் சொல்ல வேண்டும். ‘கேங்ஸ்டர்’ படத்துக்குப் போன மெட்டு இந்தத் தொகுப்பில், ‘க்ராஸ்விண்ட்ஸ்’ குழு வாசித்து வந்ததுதான்.

1996, 1997, 1999 என்று மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. கடைசித் தொகுப்பின் பெயர் ‘கேபார் கான்’, பித்தனின் பாட்டு. அதே 1999 ஜூன் 20 அன்று, ஐம்பதை ஒட்டிய வயதில், கௌதம் மாரடைப்பில் போய்விட்டார். அஸ்ஸாமின் கார்பி மக்களைப் பற்றி அவர் எடுத்துக்கொண்டிருந்த படம் பாதியில் நின்றது.

அதை ஒட்டிய வருடங்களில் நகரம் முழுக்க பேண்டுகள். சந்திரபிந்து, காக்டஸ், ஃபாஸில்ஸ், நாட்டுப்புறப் பாட்டைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோன பூமி, சில்சாரிலிருந்து வந்த காளிகா பிரசாத் பட்டாச்சார்யாவின் தோஹார். கல்லூரி விழா என்றால் பேண்ட் இல்லாமல் நடக்காது என்றாயிற்று. யாரைக் கேட்டாலும் முதல் பெயராக மொஹீனைச் சொன்னார்கள்.

2023 தொடக்கத்தில் முதல் ஏழு பேரில் ஒருவரான தாபஸ் தாஸ், ஊருக்கு ‘பாபிதா’, நுரையீரல் புற்றுநோயில் கிடந்தார். கொல்கத்தாவின் பேண்டுகள் ஒன்றுகூடி அவர் சிகிச்சைக்காக நிகழ்ச்சி நடத்தின. மூக்கில் உணவுக் குழாயோடு அவரே மேடைக்கு வந்து பாடினார், அவர் பாடியதைக் கூட்டம் சேர்ந்து பாடியது. முதல் இசைத்தட்டு வந்தபோது அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் பிறந்திருக்கவே இல்லை. சிகிச்சைச் செலவை மாநில அரசு ஏற்றது. ஜூன் மாதம் அவர் காலமானார்.

1977 தட்டின் பாட்டுகள் இப்போது யூடியூபில் கிடைக்கின்றன. வங்காளம் தெரியாதவர்கள் ‘ஹாய் பாலோபாஷி’யில் தொடங்கலாம், பெயர்கள் எல்லாம் தெரிந்தவைதான். அடுத்தது ‘பேஷே ஆஷே கொல்கத்தா’. அதற்கு அடுத்து 1995 தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை, வரிசை மாற்றாமல்.