இடையன் வெட்டும் தோட்டத்துத் தழையும்

"இடையன் வெட்டு அறாவெட்டு" என்பது பழமொழி. தொடங்கிய காரியத்தை முடியாது விடுவோரை இகழ இதனை வழங்குவர். ஆயின் இடையன் கொம்பை முற்றத் தறியாது, ஒருபுறம் ஒட்டியிருக்கச் சாய்த்து விடுவது சோம்பலால் அன்று. சாய்ந்த கொம்பின் தழையை ஆடு எட்டித் தின்னும். மரமும் பட்டுப்போகாது, அடுத்த கோடைக்கும் தழை தரும். இகழ்ச்சிச் சொல்லினுள் ஒரு தொழிலறிவு மறைந்து கிடக்கின்றது.

அவ்வறிவு கடல் கடந்து சப்பிரகமுவத் தோட்டங்களை அடைந்தவாற்றை ஈண்டு நோக்குவாம். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய வறண்ட புலங்களிலிருந்து வந்தோர் முதலிற் கோப்பிக்கும், 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்தனர். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும். செம்மறிக்கு அஃது ஒவ்வா நிலம். ஈரத்திற் குளம்பு அழுகும், குடற்புழு பெருகும். ஆதலின் லயங்களின் பின்னே கட்டப்பட்டவை வெள்ளாடும் பசுவுமே.

புல்லுக்குக் குறைவில்லா நாட்டில் தழை எதற்கு? பலாவிலையில் தனின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. அது முதலிரைப்பையிற் புரதத்தோடு பிணைந்து, நுண்ணுயிர்கள் அதனைச் சிதையாவண்ணம் காக்கும்; புளிப்பு மிக்க நான்காம் இரைப்பையில் அப்பிணைப்பு அவிழப் புரதம் உடலிற் சேரும். அளவோடு உண்ட துவர்ப்புக் குடற்புழுவையும் வயிற்றுப் பொருமலையும் தணிக்கும். மிகினோ செரிமானம் கெடும். மத்தியதரை நாடுகளிற் பாற்செம்மறி வளர்ப்போர்க்காக ஆய்வாளர் இன்று ஆராய்வதும் இவ்வளவினையே. புல்லோடு ஒரு பிடி பலாத்தழை என்ற வழக்கினர் ஆய்வுகூடம் கண்டவரல்லர்.

தேயிலைக்கு நிழலாக நட்ட முள்முருங்கையின் நிலை வேறு. அதனைக் கவ்வாத்துச் செய்தவர் தொழிலாளரே; விழுந்த தழையோ உரமாக மலையிலேயே பரப்பப்பட வேண்டியது. தோட்ட வேளாண்மை நூல்களும் அதனைப் பசுந்தாளுரம் என்றே கூறும். மண்ணுக்கா, மடிக்கா என்னும் வழக்கு இங்கே பிறந்தது. நிலமும் லயமும் தமக்குரியன அல்லாத குடும்பத்துக்குப் பசுவே கையிருப்பு. அப்பசுவின் தீனியோ பிறர் மரத்தில் இருந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்க, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு வகுத்தது. தலைமன்னாரிற் கப்பலேறியவர் மாட்டை விற்றிருக்கலாம். தாம் வளர்த்த மரத்தை விற்க அவர்க்கு உரிமையில்லை.

வேலிகளில் ஊன்றிய சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காம் பெருந்தோட்டப் பயிராக இலங்கை அரசு பின்னர் ஏற்றது. துவர்ப்புக் குறைந்து புரதம் மிகுந்த தழை அது. பச்சையாய் நீட்டின் மாடு முகர்ந்து விலகும். ஒரு நாள் வாடவிட்டுக் கொடுப்பின் தின்னும்.