கம்பியில்லாத் தந்தியும் பொள்ளாச்சி மாணவரும்

கம்பியின் துணையின்றிச் செய்தி அனுப்பும் கலையை ‘கம்பியில்லாத் தந்தி’ என்றே நம் முன்னோர் வழங்கினர். மார்க்கோனியின் பெயரை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். 1895ஆம் ஆண்டில் சகதீச சந்திர போசு கல்கத்தாவில் மின்னலைகளைச் சுவரினூடே செலுத்திக் காட்டியதையும் நம்மில் சிலர் அறிவர். ஆனால், இன்று நம் கைப்பேசிகளுக்கெல்லாம் உயிர்நாடியாக விளங்கும் முறையொன்று, ஆனைமலைக்கு அப்பால் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் உள்ள பொள்ளாச்சியில் பிறந்த ஒருவரின் சிந்தையில் உதித்தது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. ஏலப்பாறை மலையில் வாழும் நாம் அவ்வரலாற்றை அறிந்துகொள்வது பொருத்தமுடையது.

ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944ஆம் ஆண்டில் பிறந்தார். பதினைந்து வயதிலேயே தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் வழியாகக் கடற்படைக்குச் சென்றார். மின்பொறியியலில் அவருக்கிருந்த ஆர்வத்தைக் கண்ட கடற்படை, 1969ஆம் ஆண்டில் அவரைத் தில்லி ஐ.ஐ.டி.க்கு மேற்படிப்புக்காக அனுப்பியது. அங்கே பேராசிரியர் பி. வி. இந்திரேசன் அவர்கள், இம்மாணவர் முதுநிலைப் பட்டத்தோடு நின்றுவிடக் கூடாது, முனைவர் பட்ட ஆராய்ச்சியில் ஈடுபட வேண்டும் எனக் கடற்படையிடம் வாதாடி இசைவு பெற்றார். பிற்காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக விளங்கியவரும் இவரே. மாணவரின் அறிவை அளந்து, அவருக்காகப் பிறரிடம் பரிந்து பேசும் ஆசிரியர் வாய்ப்பது பெரும்பேறு அன்றோ?

அவ்வமயம் அமெரிக்க நாட்டு இசுடான்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியர் தாமஸ் கைலாத் ஆற்றிய சொற்பொழிவு பால்ராஜுக்கு ஆராய்ச்சிப் பொருளைத் தந்தது. இரைச்சலில் கலந்து வரும் குறிப்பலையிலிருந்து மெய்யான செய்தியைக் கணக்கின் வலிமையால் பிரித்தெடுப்பது எங்ஙனம் என்பதே அப்பொருள். 1973இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார்.

அக்கல்விக்கு இடையே நாடு போரைச் சந்தித்தது. 1971 டிசம்பர் 9ஆம் நாள், தியூவின் அருகே ‘குக்ரி’ என்னும் நம் போர்க்கப்பலைப் பகைவரின் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. 194 வீரர்கள் மாண்டனர். நீருக்கடியில் ஒலியைச் செலுத்தி, எதிரொலியைக் கேட்டுப் பகைவரைக் கண்டறியும் ‘சோனார்’ கருவி போதிய திறன் பெற்றிராமையை இத்துயர் உணர்த்தியது. கடற்படையிலிருந்த பழைய சோனாரைத் திருத்தும் பொறுப்பு பால்ராஜிடம் வந்தது. பின்னர் நம் கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் ‘அப்சோ’ என்னும் புதிய சோனாரை ஆக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1983இல் அதனைக் கப்பலேற்றினார். ஆராய்ச்சி மாணவராக ஏட்டில் எழுதிய கணக்கு கடலுக்குள் சென்று வேலை செய்தது என்று சொல்லலாம்.

கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று 1991இல் அவர் இசுடான்போர்டு சென்றபோது வயது நாற்பத்தேழு. அங்கே கைலாத்தின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். ஒரே அலைவரிசையில் கலந்து வரும் வானொலிக் குறிப்புகளைப் பிரிக்கும் சோதனையின்போது வியப்பானதொன்றைக் கண்டார். அலைகள் பலவிடங்களில் மோதிச் சிதறி வந்தால் பிரிப்பது கடினம் என்றல்லவா நாம் நினைப்போம்? சிதறி வந்தபோதுதான் பிரிப்பது எளிதாயிற்று!

இதனை நம் தோட்டத்துக் காட்சியொன்றால் விளக்குவோம். கொழுந்து நிறுக்குமிடத்தில் நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசினாலும், இரு செவிகளைக் கொண்டு ஒவ்வொருவர் பேச்சையும் நாம் தனித்தனியே உணர்கிறோம். ஒவ்வொரு குரலும் இரு செவிகளையும் வெவ்வேறு விதமாக வந்தடைவதே காரணம். அதுபோல, பல அலைவாங்கிகளிலிருந்து வெவ்வேறு செய்திகளை ஒரே அலைவரிசையில் ஒரே கணத்தில் அனுப்பினால், சுவரிலும் மரத்திலும் பாறையிலும் மோதி ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியே செல்லும். மறுமுனையிலுள்ள பல அலைவாங்கிகள் அவற்றைக் கணக்கிட்டுப் பிரித்துவிடும். புதிய அலைவரிசை வேண்டாமலே செய்தியின் அளவு பன்மடங்காகும். ‘மைமோ’ எனச் சுருக்கமாக வழங்கும் இதனைப் ‘பல்வாய்ப் பல்செவி முறை’ எனத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம்.

1992இல் பால்ராஜும் கைலாத்தும் காப்புரிமை கோரினர், 1994இல் கிடைத்தது. இது நடவாத காரியம் என்று அன்று ஐயுற்றோர் பலர். பால்ராஜ் 1998இல் தாமே ஒரு நிறுவனம் தொடங்கிச் செய்து காட்டினார். தம்மிடம் ஆராய்ச்சி செய்த ரோகித் நாபர், தனஞ்செய் கோர் ஆகியோருடன் சேர்ந்து 2003இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறை மாணவர்க்குப் பாடநூலாயிற்று. நான்காம் தலைமுறைக் கைப்பேசியும் இன்றைய வை-பையும் இம்முறையின் மேலேயே எழுந்தவை. 2010இல் பத்மபூஷண் விருதும், 2014இல் மார்க்கோனி பரிசும் அவரை வந்தடைந்தன.

எனினும் மலை முழுவதுமாக மறைத்துவிட்ட இடத்தில் எந்தக் கணக்கும் உதவாது. அங்கே கோபுரம் வேண்டும். கோபுரத்திற்கு மின்சாரம் வேண்டும். 2020இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது இடுக்கிப் பிள்ளைகள் ‘ரேஞ்ச்’ தேடி மேடேறிப் பாடம் கேட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டோர் 70 பேர்; பெரும்பாலோர் நம்மைப் போன்ற தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பத்தார். தொலைத்தொடர்பு அற்றுக் கிடந்தமையால் அச்செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. முகட்டுக்கு முகடு செய்தியைக் கடத்துவது, மின்சாரம் அறுந்த பின்னும் கோபுரத்தை உயிருடன் வைத்திருப்பது ஆகியவை இன்னும் ஆராய்ச்சி மாணவரை எதிர்நோக்கும் வினாக்கள். இம்மலையில் வளர்ந்த பிள்ளைக்கு அவ்வினாக்களை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீடுகளில் ஆராய்ச்சி மாணவர் என்றால், “இன்னுமா படிப்பு முடியவில்லை?” என்று கேட்பதே வழக்கம். பெண்ணாயிருந்தால் இரு மடங்கு கேட்போம். ஆயினும் வாய்ப்பு முன்னிலும் அருகில் வந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் கூடி ஆக்கிய ஐந்தாம் தலைமுறைச் சோதனைக்களம் 2022 மே மாதத்தில் திறக்கப்பட்டது. பொறியியல் பயின்றோர் ‘கேட்’ தேர்வில் தேறி இத்தகைய நிறுவனங்களில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம். பால்ராஜ் தில்லியில் பயின்ற நாளில் அவருக்குச் சம்பளம் தந்தது கடற்படை. இன்றைய மாணவருக்கு மைய அரசு தரும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023இல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.