ஏழையின் சொல்லும் பிணைமுறியும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகம், கடந்த 25 ஆண்டுகளாக நம் தெருப் பிள்ளைகளின் கையில் ஏடும் எழுதுகோலும் தந்து வந்துள்ளது. சட்ட அறிவும் கல்வியின் ஒரு கூறே. ஆதலின், மக்கள் 'ஜாமீன்' என வழங்கும் பிணையின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

'பிணை' என்ற சொல்லுக்குக் கட்டு என்றும் பொருள் உண்டு. பொறுப்பு என்றும் பொருள் உண்டு. "குறித்த நாளில் நீதிமன்றத்தில் முன்னிற்பேன்; தவறினால் இன்ன தொகையைச் செலுத்துவேன்" என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் எழுதித் தருவதே பிணைமுறி. அவர் வருவார் என்று பொறுப்பேற்று உடன் கையொப்பமிடுபவர் ஜாமீன்தாரர். கையொப்பமிடும் நாளில் பொதுவாகப் பணம் கட்ட வேண்டுவதில்லை. வாக்குத் தவறினால்தான் தொகை வசூலிக்கப்படும். இவ்வுண்மை அறியாமல் வட்டிக்குக் கடன் வாங்கியோர் நம்மிடையே பலர்.

இம்முறை ஆங்கில நாட்டிலிருந்து வந்தது. எவரைப் பிணையில் விடலாம், எவரை விடலாகாது என்பதை அங்கு 1275ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அளவுமீறிய பிணைத்தொகை கேட்கலாகாது என்று 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் கூறிற்று. இந்தியாவில் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அக்கருத்தையே ஏற்றது. எனினும் ஏட்டில் இருந்த நீதி ஏழையின் வாசலுக்கு வரவில்லை. ஜாமீன்தாரருக்குச் சொத்து வேண்டும். அதைக் காட்ட வீட்டு வரி ரசீது வேண்டும். புறம்போக்கில் குடிசை கட்டியவனிடம் ரசீது ஏது? நிலமுடையவரின் வாசலில் நின்று கையேந்துவதன்றி அவனுக்கு வேறு வழியில்லை.

நாம் ஆசிரியப் பணியேற்ற தொடக்க நாள்களில், நன்கு படித்த மாணவன் ஒருவன் திடீரெனப் பள்ளிக்கு வராமல் நின்றான். தேடிச் சென்றபோது மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். சிறு வழக்கொன்றில் அவன் தந்தைக்கு ஜாமீன் கொடுத்தவரின் மாடுகள் அவை. தந்தை சிறையினின்று மீண்டார், மகனோ கட்டுண்டான். அவனை மீண்டும் வகுப்பறைக்கு அழைத்துவர நம்மால் இயலவில்லை. அக்குறை இன்றும் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

1978ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்னும் ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்கப்பட்டது. அவருடைய உடன்பிறந்தார் முன்வந்தும், வேறு மாவட்டத்தில் சொத்துடையவர் என்று மறுக்கப்பட்டார். நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதனைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைமுறியிலேயே அவரை விடுவிக்க ஆணையிட்டார். மறு ஆண்டு, பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் வாடியவர்களின் நிலை ஹுசைனாரா காத்தூன் வழக்கில் வெளிப்பட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் பெறக்கூடிய தண்டனையை விட நீண்ட காலம் அவர்களுள் சிலர் சிறையில் கழித்திருந்தனர். ஒருவர் ஓடிப்போக மாட்டார் என்பதற்கு அவருடைய குடும்பமும் தொழிலும் ஊருறவுமே சான்றாகலாம் என்று நீதியரசர் பி. என். பகவதி எடுத்துரைத்தார்.

அதன்பின் சட்டமும் மாறிற்று. பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்திற்குள் ஜாமீன் தர இயலாவிடின், அவரை வறியவர் எனக் கொண்டு சொந்தப் பிணைமுறியில் விடவேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 478ஆம் பிரிவிலும் இது தொடர்கிறது. முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றிலொரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருப்பின் விடுதலைக்கு உரியவர் என்கிறது 479ஆம் பிரிவு. மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையிலுள்ளோர்க்கும் இது பொருந்தாது.

ஆயினும், 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகளே. சட்டம் இருந்தும் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதே இதற்கு ஒரு காரணம்.

இளைஞர்களே! 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அவ்வலுவலகத்தை நாடலாம். நாம் வன்கொடுமைக்கு ஆளான வழக்கிலோ, எதிரியின் பிணை மனு விசாரணையில் நம் தரப்பையும் கேட்கவேண்டும் என்பது 2016 முதல் சட்டம் தரும் உரிமை.

வீட்டுமனைப் பட்டாவையும் வரி ரசீதையும் நம் பெயரில் பெற்றுப் பேணுவோம். நம்மவருக்கு நம்மவரே ஜாமீன் நிற்போம். நின்றபின் வாய்தா தவறாமல் அவரை முன்னிறுத்துவோம். தந்தையின் பிணைக்காகப் பிள்ளையின் படிப்பை அடகு வைக்கும் அவலம் இனி நம் தெருவில் நிகழலாகாது. நம் கழகத்தின் பொன்விழா வருவதற்குள், இதனைச் செய்து முடிக்கும் வழக்கறிஞர்கள் நம் பிள்ளைகளிலிருந்தே எழுவார்களாக!